நாலு கம்பியில் எத்தனை கம்ப்யூட்டர்?

செம்பூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. பலகையில் ‘கம்ப்யூட்டர், நெட்வொர்க், சிசிடிவி’ என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு, “அண்ணாச்சி, மிக்ஸி பார்ப்பீங்களா?” என்பார்கள். 2003இல் ஒரு கேபிள்காரரிடம் வயர் சுருளைச் சுமக்கிற ஆளாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து மும்பை மொட்டைமாடிகளில்தான் என் பிழைப்பு. வீட்டில் ஒரே பிராட்பேண்ட் இணைப்பை ரவுட்டர் வைத்துப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்வது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருப்பதாக ஆசிரியர் ஒரு கத்தையைக் கொடுத்தார். அதிலிருந்து சில.

அண்ணாச்சி, எங்கள் வீட்டில் 200 எம்பிபிஎஸ் பிளான். என் கம்ப்யூட்டர், பையன் கம்ப்யூட்டர், வைஃபையில் ஓடும் மகளுடைய லேப்டாப் மூன்றும் ஒரே ரவுட்டரில். எதில் பார்த்தாலும் வேகம் 94, 95க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. கேபிள்காரர் ரவுட்டர் கோளாறு என்கிறார். ரவுட்டர் விற்றவர் லைன் கோளாறு என்கிறார். யாரை நம்புவது? – வாசகி, சயான்

இரண்டு பேரையும் விடுங்கள் அம்மா, அந்த 95ஐ நம்புங்கள். ஒரு நாள் 60, ஒரு நாள் 150 என்று ஆடினால் லைனைச் சந்தேகப்படலாம். காலையிலும் ராத்திரியிலும் அசையாமல் 95இல் நிற்கிறது என்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் அளவுக்குத்தான் திறக்கிற கதவு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். 100 என்று எழுதிய போர்ட்டில், அதாவது வயர் செருகுகிற துளையில், தகவலோடு ஒட்டிப் போகிற முகவரிக் குறிப்புகள் போகக் கைக்கு வருவது 94, 95தான்.

அந்தக் கதவு இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று ரவுட்டரிலேயே. விலை குறைந்த ரவுட்டர்களின் அட்டைப்பெட்டியில் வைஃபை வேகத்தை 300, 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வயர் போர்ட் வெறும் 100 என்பது பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் இருக்கும். உங்கள் பெட்டியைத் தேடி எடுத்துப் பாருங்கள். ‘10/100’ என்று மட்டும் போட்டிருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. ‘10/100/1000’ அல்லது ‘கிகாபிட்’ என்றிருந்தால் ரவுட்டர் நிரபராதி.

அப்போது பார்க்க வேண்டியது வயரை. உங்கள் வீட்டில் வைஃபையிலும் அதே 95 வருவதால், கேபிள்காரர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வருகிற வயரைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். (வைஃபையில் 180 வந்து, வயரில் மட்டும் 95 என்றால் ரவுட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகிற வயர்தான் குற்றவாளி.) அதன் நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு கிளிப் இருக்கும். செல்போன் டார்ச்சை அடித்து, கிளிப்பின் தட்டையான பக்கத்தைப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பி வரிசையாகத் தெரியவேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இந்த ஊரில் நான் கழற்றிப் பார்த்த எத்தனையோ கிளிப்புகளில் ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, அவ்வளவுதான். மற்ற நாலு கம்பியும் உள்ளேயே நறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு ஆகிய நாலு முனைகள் போதும். 1000த்துக்கு எட்டும் வேண்டும். பிளான் எல்லாம் 2, 4 எம்பிபிஎஸ் ஆக இருந்த காலத்தில் ஒரே வயரை இரண்டாகப் பிரித்து இரண்டு வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். நானும் செய்திருக்கிறேன். அந்த வயர்கள் இன்னும் சுவருக்குள் உட்கார்ந்திருக்கின்றன, பிளான்தான் மாறிவிட்டது.

என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். செம்பூரிலேயே ஒரு வக்கீல் வீடு. இதே 95. நான் பெரிய ஆள் மாதிரி “ரவுட்டர் பழசு சார்” என்று சொல்லிப் புதுசு வாங்க வைத்தேன். 95. “இது பீஸ் சரியில்லை சார்” என்று மாற்றினேன். 95. மூன்றாம் முறை போனபோது வக்கீல் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “வயரைப் பார்த்தீங்களா தம்பி?” என்று சாதாரணமாகக் கேட்டார்கள். சோபாவை நகர்த்திக் கிளிப்பைப் பார்த்தால் எட்டுக் கம்பியும் இருந்தன, ஆனால் பிரவுன் கம்பி முனை வரைக்கும் எட்டவில்லை. ஒரு நூல் இடைவெளி. அறுத்துப் புதுக் கிளிப் அடித்தேன், வேகம் 190ஐத் தாண்டியது. ரவுட்டரை நான் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

வயரை மாற்றவேண்டி வந்தால் கேட்5ஈ அல்லது கேட்6 என்று கேளுங்கள், 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் தாராளமாகப் போகும். மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் அதே பெயரில் பாதி விலைக்கும் வயர் கிடைக்கும். வாங்குமுன் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. கதவு இடுக்கில் இரண்டு முறை மடங்கினால் உள்ளே முறிந்துவிடும், வெளியே தெரியாது.

என் மருமகன் புது ரவுட்டர் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். உள் அறையில் சிக்னல் வராததால் அதையும் ஹாலில் இருக்கும் ரவுட்டரோடு வயரில் இணைத்தேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்தால் லேப்டாப் செய்யவில்லை, லேப்டாப் செய்தால் கம்ப்யூட்டர் செய்யவில்லை. – ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், டோம்பிவிலி

ஐயா, உங்களுக்குப் பி.பி. நம்பர் ஞாபகம் இருக்கும். சாலில், அதாவது வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பில், தரைத்தளக் கடையில் ஒரே ஒரு போன். கல்யாணப் பத்திரிகையில் அந்த நம்பரைப் போட்டு ‘பி.பி.’ என்று அச்சடிப்போம். வெளி உலகத்துக்கு அந்த முப்பது வீட்டுக்கும் ஒரே நம்பர். யார் எந்த ஊருக்குப் பேசிவிட்டுப் போனார்கள் என்று கடைக்காரர் நினைவில் வைத்திருப்பார். திரும்பி அழைப்பு வந்தால், சரியான வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

ரவுட்டர் செய்வதும் அதேதான். உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு ஐபி முகவரி. உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168 என்று தொடங்கும் ஒரு வீட்டு எண்ணை ரவுட்டர் தானே எழுதிக் கொடுக்கும். எந்தக் கம்ப்யூட்டர் எந்தத் தளத்தைக் கேட்டது என்று குறித்துவைத்து, வருகிற பதிலை அதற்கே அனுப்பும். பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். வீட்டுக்குள் மட்டும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று சில எண் வரிசைகளை 1994இல் ஒதுக்கினார்கள். அதனால்தான் டோம்பிவிலியில் உங்கள் வீட்டிலும் செம்பூரில் என் கடையிலும் ஒரே 192.168.1.1 இருந்தும் சண்டை வருவதில்லை.

உங்கள் வீட்டுக்குள் சண்டை வருவதற்குக் காரணம், இப்போது அங்கே இரண்டு கடைக்காரர்கள். இரண்டு பேரும் எண் எழுதிக் கொடுக்கிறார்கள், பல சமயம் இரண்டு பேர் எண்ணுமே 192.168.1.1. பழைய ரவுட்டர் கையால் எண் வாங்கிய கம்ப்யூட்டர் வெளியே போகிற வழியை அதனிடமே கேட்கும், அதற்கோ வழி தெரியாது. எது யாரிடம் முதலில் வாங்குகிறதோ அதைப் பொறுத்து அன்றைய ராசிபலன்.

பழைய ரவுட்டரின் பொத்தானை ஊசியால் அழுத்தி ரீசெட் செய்யுங்கள். ஹால் ரவுட்டரோடு சேர்க்காமல் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வயரால் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். ‘ஆக்ஸஸ் பாயின்ட் மோட்’ என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.250 என்று மாற்றுங்கள், அப்புறம் டிஹெச்சிபி என்பதை அணையுங்கள். எண் எழுதிக் கொடுக்கிற வேலை அதுதான். ஹால் ரவுட்டரில் 2 முதல் 200 வரைக்கும்தான் எண் கொடுக்கவேண்டும் என்று வைத்துவிட்டால் 250 யாரோடும் மோதாது. கடைசியாக வயர். பழைய ரவுட்டரில் தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN, வெளி லைனுக்கானது) போர்ட்டில் செருகாதீர்கள். ஒரே நிறத்தில் நாலு இருக்குமே, அதில் ஒன்றில். பத்தில் எட்டுப் பேர் தனி நிறத்தைப் பார்த்ததும் அதில்தான் செருகுவார்கள்.

வீட்டிலிருந்தே என் கடையின் சிசிடிவியைப் பார்க்க, ரவுட்டரில் போர்ட் பார்வர்டிங் (வெளியிலிருந்து வருகிற அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடுவது) எல்லாம் செய்துவிட்டேன். வரவில்லை. – தாராவி

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் முகவரி என்ன காட்டுகிறது? 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், மேலே சொன்ன போன் கடைக்காரருக்கே, அதாவது உங்கள் ரவுட்டருக்கே, பி.பி. நம்பர்தான். நிறுவனம் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறது. இதற்கென்றே இந்த வரிசையை 2012இல் ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து தட்டினால் அந்தத் தட்டல் உங்கள் வாசலுக்கு வராது. மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து நிலையான ஐபி வாங்குங்கள், அல்லது கேமரா நிறுவனத்தின் சொந்தச் செயலி வழியாகப் பாருங்கள். அதில் கேமராவே வெளியே போய்க் காத்திருக்கும் என்பதால் தட்டவேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரரும் நாங்களும் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு பாதிப் பாதி பணம் போட்டால் என்ன? அவர் நல்ல மனிதர். – சயான் கோலிவாடா

நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் வீட்டுக்கு வருகிற அண்ணன் மகனும், அந்தப் பையன் பாஸ்வேர்டு சொல்லிக்கொடுக்கிற நண்பர்களும்? இணைப்பு உங்கள் ஆதார், உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. வெளியே தெரிவது ஒரே முகவரி என்று மேலே சொன்னேனே, யார் என்ன செய்தாலும் அந்த முகவரி உங்கள் கதவு எண்.

இந்த ஊருக்கு இது தெரிந்த கதைதான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தேடிப் போனால் அது நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு இணைப்பு. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதைத் தெளிவாக்குவதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு செய்தித்தாளில் தினமும் வந்தது. 2009 தொடக்கத்தில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டில்லாத வைஃபைகளைத் தேடியது. அந்த வாரம் எனக்குச் செம வேலை, பாஸ்வேர்டு போட்டே கை வலித்தது.

வீட்டு பிளான்களின் விதிமுறையில் வெளியாருக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கக்கூடாது என்பதும் பொதுவாக இருக்கும். அவசரத்துக்கு அவர் மகள் ஒரு பரீட்சை எழுதவேண்டும் என்றால் ரவுட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனியாக இருக்கிற கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து கொடுங்கள், உங்கள் கம்ப்யூட்டர்கள் அவர்கள் கண்ணில் படாது. பரீட்சை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். பூட்டு டபிள்யூபிஏ2 அல்லது 3 ஆக இருக்கட்டும். அப்புறம் ரவுட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்டு இன்னும் ‘அட்மின்’ என்றே இருக்கிறதா? வைஃபை பாஸ்வேர்டைக் கஷ்டமாக வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ரவுட்டர் இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டருக்கு நெட் பகிர முடியாதா? – கல்லூரி மாணவர், நெருல்

முடியும் தம்பி. ரவுட்டர் விலை என் ஒரு மாதச் சம்பளத்தை முழுங்கிய காலத்தில் அப்படித்தான் செய்தோம். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்றில் லைன் வரும், இன்னொன்றிலிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்கு வயர் போகும். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே, 1999இல், இதற்கான வசதி வந்துவிட்டது. 2004இல் அரசாங்கம் 256 கேபிபிஎஸ் இருந்தால் அது பிராட்பேண்ட் என்று வரையறை செய்தது. அந்த 256ஐ மாட்டுங்காவில் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் இப்படிப் பகிர்ந்துகொண்டார்கள். நடுவில் இருக்கிற கம்ப்யூட்டரை அண்ணன் அணைத்தால் தம்பிக்கு நெட் போய்விடும். தம்பி என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணன் கம்ப்யூட்டரின் அணைக்கும் பொத்தானுக்கு மேல் அட்டையை ஒட்டிவிட்டார்.

இன்றைக்கு ஒரு நாள் ஒப்பேற்ற இது போதும். தினசரிக்கு ரவுட்டர்தான், கம்ப்யூட்டரை இரவெல்லாம் ஓடவிடுகிற கரண்ட் பில்லில் ரவுட்டர் காசு வந்துவிடும்.

லைனை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் நெட் வருகிறது. ரவுட்டரில் செருகினால் வரவில்லை. – காட்கோபர்

உள்ளூர் கேபிள்காரர் இணைப்பா? அப்படியானால் அவர் உங்கள் கம்ப்யூட்டரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டுக்கு உள்ள தனி அடையாள எண்) பதிந்து வைத்திருப்பார், வேறு முகத்தைப் பார்த்தால் உள்ளே விடமாட்டார். ரவுட்டரில் ‘மேக் குளோன்’ என்று ஒன்று இருக்கும், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே அதைத் திறந்து அழுத்துங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால், கம்ப்யூட்டரில் போடுகிற அதே பெயரையும் பாஸ்வேர்டையும் ரவுட்டரில் போடவேண்டும். இரண்டும் செய்தும் வரவில்லையென்றால் அவருக்கே போன் போடுங்கள்.

1940களில் கட்டிய எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். ஹாலில் பறக்கிற வைஃபை படுக்கையறையில் செத்துப்போகிறது. பெரிய ஆன்டெனா உள்ள ரவுட்டர் வாங்கலாமா? – மாட்டுங்கா

வேண்டாம். ஹாலில் பறக்கிறது என்றால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறீர்கள். வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டும், ஆனால் அதில் சொசைட்டி மொத்தமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. எத்தனை ஆன்டெனா வைத்தாலும் அந்தச் சுவர் அந்தச் சுவர்தான். படுக்கையறைக்கு ஒரு வயர் இழுத்து, டோம்பிவிலி ஐயாவுக்குச் சொன்ன மாதிரி இரண்டாவது ரவுட்டர் வையுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் அங்கேயே இருந்தால் அதை வயரிலேயே போட்டுவிடுங்கள். முதலில் ஒன்று: ரவுட்டர் இப்போது டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ மேலோ இருக்கிறதா? அழகுக்காக ஒளித்துவைத்த ரவுட்டரை வெளியே எடுத்ததே பல வீட்டில் என் மொத்த வேலை. அதற்கும் விசிட்டிங் சார்ஜ் உண்டு.

100 எம்பிபிஎஸ்ஸில் படம் இறக்கினால் நொடிக்கு 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? – முலுண்டு

இல்லை. பிளான் பிட்டில், கம்ப்யூட்டர் காட்டுவது பைட்டில். எட்டால் வகுங்கள், பன்னிரண்டரை. இதில் மட்டும் ஏமாற்று இல்லை.

லேப்டாப்பிலிருந்து ஹாலில் இருக்கும் பிரின்டர் தெரியவில்லை. நெட் மட்டும் நன்றாக வருகிறது. – வாஷி

லேப்டாப் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கும். மாற்றுங்கள்.

மழைக்காலம் வந்தால் வருஷத்துக்கு ஒரு ரவுட்டர் போகிறது. ஸ்டெபிலைசர் வைத்தும் பயனில்லை. – மலாட்

மொட்டைமாடியிலிருந்து செம்பு லேன் வயர்தானே உங்கள் வீட்டுக்கு இறங்குகிறது? ஸ்டெபிலைசர் காவல் காப்பது கரண்ட் வருகிற வாசலை. இடியின் அதிர்ச்சி வருவது அந்த லேன் வயர் வழியாக. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அதற்கடுத்த வாரம் முழுக்க நானும் என் முதலாளியும் மாடி மாடியாக ஏறி நெட்வொர்க் சுவிட்ச் (ஒரு லைனைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற பெட்டி) மாற்றினோம். கீழே இருந்தவை வெள்ளத்தில் போயின, மேலே இருந்தவை இடியில். பெட்டியைத் திறந்தால் கருகிய போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி எலும்புக்கூடு. அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

உங்கள் கட்டடத்துக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்று கேளுங்கள். அது கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. வரும்வரைக்கும் இடி இடிக்கிற ராத்திரியில் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுப் படுக்காதீர்கள், மாடியிலிருந்து வருகிற அந்த லேன் வயரையும் ரவுட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். கிளிப்பின் நாக்கை அழுத்திக்கொண்டு இழுக்கவேண்டும், சும்மா இழுத்தால் நாக்கு உடைந்துவிடும், அப்புறம் அதற்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுவீர்கள்.